படைக்கும் பள்ளிக்கும்: வெளிநாட்டு உதவி எப்படிப் பங்கிடப்படுகிறது?

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபராக மீண்டும் பதவியேற்ற டொனால்ட் டிரம்ப், வெளிநாடுகளுக்கான வளர்ச்சி உதவியை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கும் ஆணையில் அன்றைக்கே கையெழுத்திட்டார். நான்கு நாட்கள் கழித்து, அந்த ஆணையை நடைமுறைப்படுத்துமாறு வெளியுறவு அமைச்சகம் தன் தூதரகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதில் விதிவிலக்காகக் குறிப்பிடப்பட்டவை மிகச் சில. அவசர உணவு உதவி அவற்றில் ஒன்று. இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் வழங்கப்படும் இராணுவ நிதி மற்றொன்று. பள்ளிக் கட்டடம், பாடநூல், ஆசிரியர் பயிற்சி, மாணவர் உதவித்தொகை ஆகிய எதற்கும் அந்த விதிவிலக்கு கிடைக்கவில்லை. அத்தகைய பணிகளை நடத்திவந்த யு.எஸ்.எய்டு என்ற முகமை அதே ஆண்டு ஜூலை 1 அன்று தன் உதவித் திட்டங்களை முடித்துக்கொண்டது. எஞ்சியவை வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்க்கப்பட்டன.

பணத்தை நிறுத்த வேண்டிய நேரம் வந்தபோது எது உடனே நின்றது, எது நிற்கவில்லை என்பதை இந்த ஒரு சுற்றறிக்கை காட்டிவிடுகிறது. ஆனால் ஏன் அப்படி என்பதை அது சொல்லவில்லை. இராணுவ உதவி, கல்வி உதவி என்ற இரண்டும் உண்மையில் எப்படி நடக்கின்றன, அவை யார் கைக்குப் போகின்றன, எவ்வளவு காலத்துக்கு உறுதியளிக்கப்படுகின்றன என்பவற்றைத் தெரிந்துகொண்டால்தான் அந்தக் காரணம் புரியும். உலகில் மிகப் பெரிய அளவில் இரண்டையும் வழங்கிவந்த நாடு அமெரிக்கா என்பதால், அதன் அனுபவத்தைக் கொண்டே இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

இரண்டு உதவிகளும் நடக்கும் விதம்

முதலில் ஒரு பொதுவான குழப்பத்தை நீக்கிவிடுவது நல்லது. ஒரு நாடு தன் வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு எவ்வளவு, கல்விக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்பது உள்நாட்டுக் கேள்வி. அதை நாம் அடிக்கடி விவாதிக்கிறோம். இங்கே பேசப்படுவது வேறு. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அந்த நாட்டின் படைக்குப் போகிறது, எவ்வளவு அதன் பள்ளிகளுக்குப் போகிறது என்பதே இங்குள்ள கேள்வி. கொடுப்பவரும் வாங்குபவரும் வேறு வேறு என்பதால், இதில் நன்மை தீமைகளைக் கணக்கிடும் முறையும் மாறிவிடுகிறது.

பணக்கார நாடுகளின் அமைப்பான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, வளர்ச்சி உதவி என்றால் எது என்பதற்கு ஒரு வரையறையை வைத்திருக்கிறது. அந்த வரையறையின்படி இராணுவத் தளவாடங்களுக்கான பணம் வளர்ச்சி உதவிக் கணக்கில் சேராது. கல்விக்கான பணம் சேரும். நாட்டு வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவியாக வழங்க வேண்டும் என்று 1970இல் ஐ.நா. பொதுச்சபை வகுத்த இலக்கும் இந்த வளர்ச்சி உதவியை மட்டுமே குறிக்கிறது. எனவே செய்தித்தாளில் வெளிநாட்டு உதவி என்று ஒரு பெரிய தொகையைப் பார்க்கும்போது, இரண்டும் சேர்ந்த தொகையா, வளர்ச்சி உதவி மட்டுமா என்று முதலில் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் இராணுவ உதவி பல வழிகளில் செல்கிறது. அவற்றில் முக்கியமானது வெளிநாட்டு இராணுவ நிதியுதவி என்ற மானியம். இந்தப் பணத்தை வாங்கும் நாடு, பொதுவாக அதைக் கொண்டு அமெரிக்க நிறுவனங்களின் விமானங்களையும் டாங்கிகளையும் உதிரி பாகங்களையும்தான் வாங்க முடியும். அதாவது, மானியம் என்று பெயர் பெற்றாலும் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்காவை விட்டு வெளியே போவதில்லை. அங்குள்ள ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும், அவை இயங்கும் தொகுதிகளின் வேலைவாய்ப்புக்கும் அது திரும்பிவிடுகிறது. அந்தத் தொகுதிகளின் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இந்த ஒதுக்கீட்டை ஆதரிப்பதற்கு இது ஒரு வலுவான காரணம். இன்னொரு வழி, பிற நாட்டு அதிகாரிகளை அமெரிக்க இராணுவக் கல்லூரிகளுக்கு வரவழைத்துப் பயிற்றுவிப்பது. மூன்றாவது, அமெரிக்காவின் போருக்குத் துணைநின்ற நாட்டின் இராணுவச் செலவை ஈடுசெய்வது. இதைப் பாகிஸ்தானில் பார்க்கப்போகிறோம்.

கல்வி உதவி இவ்வளவு நேரடியானதல்ல. ஒரு பகுதி உதவித்தொகையாக மாணவர்களுக்குப் போகிறது. ஒரு பகுதி, பாடநூல் அச்சடிக்கவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கவும் ஒப்பந்ததாரர்களிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் ஒப்படைக்கப்படுகிறது. ஒரு பகுதி பன்னாட்டு நிதியங்கள் வழியாக அந்த நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலுக்குப் போய்ச் சேருகிறது. ஒரு விமானம் வந்திறங்கினால் அதைப் படம் எடுத்துக் காட்டலாம். ஒரு மாவட்டத்தில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் சரளமாக வாசிக்கத் தொடங்கியதைக் காட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும், அதற்குள் அதை ஒப்புதல் அளித்த அமைச்சர் பதவியில் இருக்கமாட்டார்.

இரண்டு கணக்குகளும் எப்போதும் தனித்தனியாகவே இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. உலகெங்கும் அறியப்பட்ட ஃபுல்பிரைட் உதவித்தொகை 1946இல் தொடங்கப்பட்டபோது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிநாடுகளில் எஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்ப் பொருட்களை விற்றுக் கிடைத்த தொகையே அதற்கு முதலாக அமைந்தது. இந்தியாவுடன் இதற்கான உடன்படிக்கை 1950இல் கையெழுத்தானது. படைக்கு வாங்கிய பொருள் படிப்புக்குப் பயன்பட்ட அரிய நிகழ்வு அது.

எகிப்து: உறவுக்குக் கொடுக்கும் விலை

1979இல் எகிப்தும் இஸ்ரேலும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்கு முந்தைய ஆண்டு கேம்ப் டேவிட்டில் அமெரிக்காவின் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையின் விளைவு அது. அந்த அமைதி நிலைக்க வேண்டும் என்பதற்காக இரு நாடுகளுக்கும் அமெரிக்கா பெருந்தொகை வழங்கத் தொடங்கியது. 1987 முதல் எகிப்துக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 130 கோடி டாலர் இராணுவ நிதியாக ஒதுக்கப்பட்டுவருகிறது. அதிபர்கள் மாறினர், கட்சிகள் மாறின. சில ஆண்டுகளில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டதே தவிர, ஒதுக்கீட்டின் அளவு பெரும்பாலும் மாறவில்லை. ஆனால் அதே எகிப்துக்கு வழங்கப்பட்ட பொருளாதார உதவி 1998இல் 81.5 கோடி டாலராக இருந்தது. பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டு அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. கல்விக்கான பணம் வந்தது இந்தச் சுருங்கிய பகுதியிலிருந்துதான்.

2013 ஜூலையில், தேர்தலில் வென்று அதிபரான முகமது மோர்சியை எகிப்து இராணுவம் பதவியிலிருந்து அகற்றியது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை இராணுவம் கவிழ்த்தால் அந்த அரசுக்கான உதவியை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒபாமா அரசு, நடந்தது இராணுவப் புரட்சியா இல்லையா என்று தீர்மானிப்பதையே தவிர்த்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் எஃப்-16 விமானங்கள், டாங்கி உதிரிகள் உள்ளிட்ட சில தளவாடங்களின் வழங்கலை நிறுத்திவைத்தது. 2015 மார்ச்சில் அதையும் நீக்கியது. மோர்சியை அகற்றிய தளபதி அப்தெல் ஃபத்தா அல்-சிசி, 2005-06இல் பென்சில்வேனியாவிலுள்ள அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரியில் படித்தவர். மக்களாட்சி நாட்டில் பயிற்சி பெறும் அதிகாரி மக்களாட்சியை மதிப்பார் என்பது இத்தகைய பயிற்சிகளுக்குச் சொல்லப்படும் நியாயங்களுள் ஒன்று. எகிப்தின் வரலாறு அந்த நியாயத்துக்குத் துணைநிற்கவில்லை.

இதிலிருந்து ஒரு கருத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளலாம். இராணுவ உதவி முதன்மையாக ஆயுதத்துக்குக் கொடுக்கப்படும் பணம் அல்ல. ஆயுதத்தை வைத்திருப்பவருடனான உறவுக்குக் கொடுக்கப்படும் பணம். சூயஸ் கால்வாயில் போர்க்கப்பல்களுக்கு விரைவான வழி, வான்வெளியில் பறக்க அனுமதி, இஸ்ரேல் எல்லையில் அமைதி ஆகியவை அதற்கு ஈடாக எதிர்பார்க்கப்படுகின்றன. அந்த வகையில் பார்த்தால் எகிப்து உதவி தன் நோக்கத்தை நிறைவேற்றியிருக்கிறது. 1979க்குப் பிறகு அவ்விரு நாடுகளுக்கிடையே போர் மூளவில்லை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் எகிப்தியக் குடிமக்களின் வாழ்வை முன்னேற்றுவது அந்த உதவியின் நோக்கமாக இருந்ததில்லை என்பதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும்.

பாகிஸ்தான்: திறந்து மூடும் குழாய்

பாகிஸ்தானுக்கான அமெரிக்க உதவி, போரின் தேவைக்கேற்பத் திறந்தும் மூடியும் வந்திருக்கிறது. 1954இல் பாதுகாப்பு உடன்படிக்கையுடன் ஆயுதங்கள் வந்தன. 1965 போரில் இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்கும் ஆயுத வழங்கல் நிறுத்தப்பட்டது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபின் 1980களில் மீண்டும் வெள்ளமாக வந்தது. சோவியத் படைகள் வெளியேறிய மறு ஆண்டு, 1990 அக்டோபரில், பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று சான்றளிக்க முடியாது என அமெரிக்க அதிபர் கூறியதால், பிரெஸ்லர் சட்டத்திருத்தத்தின்படி உதவி நின்றது. பாகிஸ்தானுக்காகக் கட்டப்பட்ட 28 எஃப்-16 விமானங்கள் ஒப்படைக்கப்படாமல் அரிசோனாவின் பாலைவனத்தில் நிறுத்தப்பட்டன. அணுகுண்டைக் காரணம் காட்டி நிறுத்தியபோது ஆயுதத்தோடு சேர்ந்து வளர்ச்சித் திட்டங்களும் நின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கும் யுரேனியச் செறிவூட்டலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே உறவின் பெயரில் வந்ததால் ஒரே நாளில் போயின.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு குழாய் மறுபடி திறந்தது. இம்முறை பணத்தின் பெரும்பங்கு கூட்டணி ஆதரவு நிதி என்ற பெயரில், பாகிஸ்தான் இராணுவம் தன் செலவுகளுக்கான கணக்கை அனுப்ப, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகம் அதை ஈடுசெய்யும் முறையில் போனது. இந்தக் கணக்குகளுக்குப் போதிய ஆவணங்கள் இல்லாமலேயே பணம் வழங்கப்பட்டிருப்பதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2008இல் சுட்டிக்காட்டியது.

இந்தப் போக்கை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2009இல் நிறைவேறிய கெர்ரி-லூகர்-பெர்மன் சட்டம், ஆண்டுக்கு 150 கோடி டாலர் வீதம் ஐந்து ஆண்டுகளில் 750 கோடி டாலரைக் கல்வி, மின்சாரம், நீர் போன்ற குடிமக்கள் தேவைகளுக்கு வழங்க வழிசெய்தது. இராணுவத்தோடு மட்டும் உறவு வைத்திருப்பது போதாது, மக்களோடு உறவு வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் இராணுவம் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் அந்தச் சட்டத்தில் இருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தான் இராணுவத் தலைமை, அச்சட்டம் குறித்துக் கடும் கவலை தெரிவித்து வெளிப்படையாக அறிக்கை விட்டது. பள்ளிகளுக்கும் மின்நிலையங்களுக்கும் வரும் பணத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை தளபதிகளுக்கு உண்டு என்ற நிலையை உருவாக்கியதே, அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டு இராணுவ உதவிதான் என்பது என் கருத்து. எந்தக் கையை வலுப்படுத்தினோமோ அந்தக் கை மற்றவற்றையும் தடுக்கும் வலிமை பெறுகிறது.

2010இல் பாகிஸ்தான் தன் அரசமைப்பில், 5 முதல் 16 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற உரிமையைச் சேர்த்தது. அதே வயதில் சுமார் 2.28 கோடிக் குழந்தைகள் பள்ளிக்கு வெளியே இருப்பதாக யுனிசெஃப் பின்னர் மதிப்பிட்டது. வெளிநாட்டுப் பணம் ஒன்றே இதைத் தீர்த்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாட்டின் பள்ளிகளை நடத்தும் பொறுப்பு அந்த நாட்டு அரசுக்கே உரியது.

ஆப்கானிஸ்தான்: இரண்டும் ஒரே இடத்தில்

இரண்டு வகை உதவியையும் ஒப்பிட ஆப்கானிஸ்தானைவிடத் தெளிவான இடம் இல்லை. அதைவிடத் துயரமான இடமும் இல்லை.

தொடங்க வேண்டியது 2001இல் அல்ல, 1984இல். அந்த ஆண்டிலிருந்து 1994 வரை, யு.எஸ்.எய்டு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒமாஹா வளாகத்துக்கு ஆப்கானியக் கல்விக்காக ஏறத்தாழ 5.1 கோடி டாலர் வழங்கியது. கணக்கில் இது கல்வி உதவி. ஆனால் அந்தப் பணத்தில் தாரி, பஷ்தோ மொழிகளில் அச்சிடப்பட்டு அகதி முகாம்களிலும் ஆப்கானிஸ்தானுக்குள்ளும் கொடுக்கப்பட்ட பாடநூல்களில் துப்பாக்கிகள், தோட்டாக்கள், கண்ணிவெடிகள் ஆகியவற்றின் படங்கள் நிறைந்திருந்தன. சிறுவர்கள் எண்ணக் கற்றது தோட்டாக்களையும் துப்பாக்கிகளையும் கொண்டு. குறிப்பிட்ட தொலைவில் நிற்கும் ரஷ்ய வீரரைத் துப்பாக்கிக் குண்டு எத்தனை விநாடியில் சென்றடையும் என்று ஒரு கணிதப் பயிற்சி கேட்டது. சோவியத் படை வெளியேறி நெடுங்காலம் ஆனபின்னும் அந்த நூல்கள் வகுப்பறைகளில் இருந்தன. தாலிபான்களும் அவற்றைப் பயன்படுத்தினர். எனவே கல்வி என்ற தலைப்பில் பணம் போனாலே அது நற்பயன் தரும் என்று எண்ணுவது பிழை. போருக்காகக் கொடுக்கப்படும் கல்வி உதவி, ஆயுத உதவியின் இன்னொரு வடிவம்தான். அதன் தீங்கு ஆயுதத்தைவிட நீண்டகாலம் நிற்கக்கூடியது, ஏனெனில் துப்பாக்கி துருப்பிடித்துவிடும், ஏழு வயதில் மனத்தில் பதிந்த பாடம் அவ்வளவு எளிதில் போகாது.

2001க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அமெரிக்கா ஆப்கானிஸ்தானின் மறுசீரமைப்புக்கு ஒதுக்கியது சுமார் 14,500 கோடி டாலர். அமெரிக்கப் படையின் சொந்தப் போர்ச் செலவு இதில் சேரவில்லை. இதில் 8,800 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை ஆப்கானிய இராணுவத்தையும் காவல் துறையையும் உருவாக்குவதற்குச் சென்றது. தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி ஆகியவற்றுக்காக அமெரிக்க முகமைகள் செலவிட்டது, மறுசீரமைப்புப் பணிகளைக் கண்காணித்த சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016இல் வெளியிட்ட தணிக்கையின்படி, சுமார் 76 கோடி டாலர். இரண்டு தொகைகளும் ஒரே கால அளவைச் சேர்ந்தவை அல்ல, மற்ற நாடுகளும் பள்ளிகளுக்குக் கொடுத்தன என்பதையெல்லாம் கணக்கில் கொண்டாலும், ஒப்பீடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை.

அந்தப் பெரும்பணம் கட்டியெழுப்பிய படை 2021 ஆகஸ்டில் சில நாட்களில் கலைந்தது. ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான்களின் கைக்குப் போனது. ஏன் என்பதற்குக் காரணங்கள் பல. ஆப்கானிய வீரர்கள் பழகியிருந்த ரஷ்யத் தயாரிப்பு ஹெலிகாப்டர்களுக்குப் பதிலாக அமெரிக்க பிளாக் ஹாக்குகள் கொடுக்கப்பட்டிருந்தன; அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அமெரிக்க ஒப்பந்த நிறுவனங்களின் ஊழியர்கள்; அவர்கள் வெளியேறியதும் விமானப்படையால் முன்போல் இயங்க முடியவில்லை. பதிவேட்டில் வீரர்களும் காவலர்களுமாக ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இருந்தனர், ஆனால் அதில் பெரும்பகுதி சம்பளம் வாங்குவதற்காக மட்டும் எழுதப்பட்ட பெயர்கள் என்று, அந்த அரசின் கடைசி நிதியமைச்சர்களில் ஒருவரான காலித் பயெண்டா பின்னர் கூறினார். அமெரிக்கப் பணத்தில் வாங்கப்பட்டு அங்கேயே விடப்பட்ட தளவாடங்களின் மதிப்பு 712 கோடி டாலர் என அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகமே கணக்கிட்டது. அவை இப்போது எதிரியின் கையில்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் இருந்தது. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறிவற்றவர்கள். துப்பாக்கியின் வரிசை எண்ணைப் படிக்கவோ, தன் சம்பளச் சீட்டைச் சரிபார்க்கவோ, வரைபடத்தைப் புரிந்துகொள்ளவோ இயலாத வீரர்களுக்கு நவீன ஆயுதங்கள் வழங்கப்பட்டன. இதை உணர்ந்த நேட்டோ பயிற்சி அமைப்பு, 2010இல் வீரர்களுக்கும் காவலர்களுக்கும் எழுத்தறிவூட்ட 20 கோடி டாலர் அளவில் ஒப்பந்தங்கள் போட்டது. நிர்ணயித்த இலக்குகளை 2014க்குள் அடைய முடியாது என்று தணிக்கை கூறியது. ஆக, கல்வியில் முப்பது ஆண்டுகளாக விட்டுப்போன குறையை இராணுவ உதவியே தன் செலவில் அவசரமாக ஈடுகட்ட முயன்று தோற்றது. படைக்கும் பள்ளிக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக இதைப் பார்ப்பவர்கள், பள்ளியில்லாத இடத்தில் படையும் நிற்காது என்ற இந்த உண்மையைக் கணக்கில் எடுப்பதில்லை.

கல்விப் பக்கத்திலும் பொய்க் கணக்குகள் இருந்தன. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பள்ளிக்கு வராத மாணவர்களையும் மூன்று ஆண்டுகள் வரை பதிவேட்டில் வைத்திருப்பது அமைச்சகத்தின் வழக்கமாக இருந்தது. காகிதத்தில் மட்டும் இருந்த பள்ளிகள் பற்றிய குற்றச்சாட்டுகளும் எழுந்தன. எனவே வெளியிடப்பட்ட எண்களைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும். அப்படிக் குறைத்தாலும் மாற்றம் பெரிது. 2001இல் சுமார் 10 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 2018இல் ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது என்று யுனெஸ்கோ கூறுகிறது. தொடக்கப் பள்ளியில் பெண் குழந்தைகள் ஏறத்தாழ எவருமில்லை என்ற நிலையிலிருந்து 2018இல் 25 லட்சமாயினர். உயர்கல்வியில் பெண்கள் 5,000இலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் உயர்ந்தனர். பெண்களின் எழுத்தறிவு 17 விழுக்காட்டிலிருந்து 30 ஆனது.

தாலிபான்கள் 2021 செப்டம்பரிலிருந்து பெண்களுக்கு இடைநிலைப் பள்ளியையும், 2022 டிசம்பரிலிருந்து பல்கலைக்கழகத்தையும் அடைத்துவிட்டார்கள். அப்படியானால் கல்விப் பணமும் வீண்தானே என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. படை கலைந்தபோது அதன் ஆயுதம் எதிரியிடம் போனது. பள்ளி மூடப்பட்டபோது அதில் படித்தவர்களின் படிப்பு எவரிடமும் போகவில்லை. வீட்டுக்குள் மறைவாக வகுப்பு நடத்துகிறவர்களும், நாட்டை விட்டு வெளியேறியும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் செய்தியாளராகவும் வேலை செய்கிறவர்களும் அந்த இருபது ஆண்டுகளில் படித்தவர்கள். அவர்களுக்கு நேர்ந்த அநீதி மிகப் பெரியது. அதைச் செய்தவர்கள் தாலிபான்கள், கல்வி உதவி அல்ல.

பாதுகாப்பு இல்லாத இடத்தில் பள்ளி நடக்குமா?

இராணுவ உதவி எல்லாமே வீண் என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வந்துவிடக் கூடாது. பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் 2007க்கும் 2009க்கும் இடையே தீவிரவாதிகள் பெண்கள் பள்ளிகளை வெடிவைத்துத் தகர்த்தனர். 2009இல் பாகிஸ்தான் இராணுவம் அவர்களை விரட்டியபிறகுதான் அங்கே பள்ளிகள் திறந்தன. 2012இல் மலாலா யூசுஃப்சாய் சுடப்பட்டதும், 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் இராணுவப் பள்ளியில் 140க்கு மேற்பட்டோர், பெரும்பாலும் மாணவர்கள், கொல்லப்பட்டதும், வகுப்பறைக்குக் காவல் தேவைப்படும் இடங்களும் உலகில் உண்டு என்பதைக் காட்டுகின்றன.

தென்கொரியா இன்னும் விரிவான எடுத்துக்காட்டு. 1953இல் போர் நின்றபின் அமெரிக்கப் படையும் இராணுவ உதவியும் அங்கே தொடர்ந்தன. ஆனால் அதோடு நிற்கவில்லை. 1954 முதல் 1962 வரை மின்னசோட்டா பல்கலைக்கழகம், அமெரிக்க அரசின் நிதியில், சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, பொதுநிர்வாகம் ஆகிய துறைகளை மீட்டெழுப்ப உதவியது. கொரிய ஆசிரியர்கள் மின்னசோட்டா சென்று பயின்று திரும்பினார்கள். கொரியக் குடும்பங்களும் அரசும் கல்விக்காகத் தாமே பெருமளவு செலவிட்டதுதான் அந்நாட்டின் வளர்ச்சிக்கு முதற்காரணம். வெளியுதவி அதற்குக் கைகொடுத்தது. பாதுகாப்பும் படிப்பும் ஒரே நேரத்தில், நெடுங்காலம் வழங்கப்பட்டன என்பதே அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

எத்தனை ஆண்டுகளுக்கான வாக்குறுதி?

தொகையைப் பற்றியே இதுவரை அதிகம் பேசினோம். ஆனால் என் பார்வையில், இரண்டு உதவிகளுக்கும் இடையிலுள்ள மிக அநியாயமான வேறுபாடு தொகையில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

2016 செப்டம்பரில் அமெரிக்காவும் இஸ்ரேலும் ஒரு புரிந்துணர்வு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2019 முதல் 2028 வரையிலான பத்து நிதியாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர். அதில் ஆண்டுதோறும் 330 கோடி டாலர் இராணுவ நிதி, 50 கோடி டாலர் ஏவுகணைத் தடுப்புக்கு. நாடாளுமன்றம் ஒவ்வோர் ஆண்டும் ஒப்புதல் அளிக்க வேண்டும் என்றாலும், பத்து ஆண்டுகளில் எவ்வளவு வரும் என்று இஸ்ரேலிய இராணுவம் முன்கூட்டியே அறிந்து திட்டமிடுகிறது. ஒரு போர் விமானத்தை வாங்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர ஆண்டுகள் பல ஆகும் என்பதால் இத்தகைய நீண்டகால உறுதி தேவை என்கிறார்கள். அது நியாயமான வாதம். ஆனால் ஒரு குழந்தையை முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவரவும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, பயிற்றுவித்து, ஒரு கிராமத்தில் நிலைக்கச் செய்வதற்கும் அதற்குக் குறையாத காலம் வேண்டும். பள்ளித் திட்டங்களோ பெரும்பாலும் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு ஒப்பந்தங்களாக வருகின்றன. அரசு மாறினால் இடையிலேயே அறுந்துவிடுகின்றன. ஓமானில் யு.எஸ்.எய்டு உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்த எண்பதுக்கு மேற்பட்ட ஆப்கானியப் பெண்கள், 2025 தொடக்கத்தில் அந்த உதவித்தொகை நிறுத்தப்பட்டதால், தங்களுக்குப் படிப்பே மறுக்கப்படும் நாட்டுக்குத் திரும்ப வேண்டிய அபாயத்தில் நின்றார்கள்.

நீண்டகால உறுதியைக் கல்விக்கும் கொடுக்க முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. ஜெர்மன் பேராசிரியர்களும் ஆய்வகக் கருவிகளும் கிண்டிக்கு வந்தன. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு, எம்.ஐ.டி., பிரின்ஸ்டன், பெர்க்லி, பர்டியூ உள்ளிட்ட ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக, அமெரிக்க அரசின் நிதியில், 1962 முதல் 1972 வரை துணைநின்றன. 1963இலேயே அங்கே ஐ.பி.எம். 1620 கணினி ஒன்று வந்துசேர்ந்தது. இந்தியாவில் கணினிக் கல்வி வேரூன்றிய இடங்களில் கான்பூர் முக்கியமானது. இடையில் 1965 போர் வந்தது, இந்தியாவுக்கான அமெரிக்க ஆயுத வழங்கல் நின்றது, 1971இல் இரு நாடுகளின் உறவு அடிமட்டத்துக்குப் போனது. கான்பூர் திட்டம் பத்து ஆண்டுகளையும் கடந்து நிறைவடைந்தது. அங்கே படித்தவர்களில் பலர் பின்னர் அமெரிக்காவுக்கே போய்விட்டார்கள் என்ற குறை உண்மைதான். அந்த வகையில் கொடுத்தவருக்கும் நன்மை திரும்பியது. ஆனால் நிறுவனம் இந்தியாவில் இருக்கிறது, யாராலும் திருப்பி எடுத்துச்செல்ல முடியாததாக.

ஆகவே, இனி ஓர் உதவி அறிவிப்பைப் படிக்கும்போது தொகையை மட்டும் பார்ப்பது போதாது. அந்தப் பணம் யாருடைய கையில் செலவாகிறது, எத்தனை ஆண்டுகளுக்கு, அரசு கவிழ்ந்தால் அது யாரைச் சென்றடையும் என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆப்கானிஸ்தானிலேயே ஒரு பதில் கிடைத்தது. 2021க்குப் பின் ஆப்கானிய இராணுவத்துக்குச் சம்பளம் கொடுக்க அங்கே இராணுவம் இல்லை. பள்ளி ஆசிரியர்களோ மாதக்கணக்கில் ஊதியமின்றியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2022 தொடக்கத்தில் யுனிசெஃப், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், 1,94,000 அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு, மாதம் சுமார் 100 டாலர் மதிப்பிலான தொகையை, தாலிபான் அரசின் கை படாமல் நேரடியாக வழங்கியது. வழி இருந்தது, இரண்டு மாதங்களுக்கு அப்பால் அதைத் தொடர்வதற்கான உறுதிதான் வரவில்லை.